பாதி வேய்ந்த வீட்டிற் குடிபுகுதல்

சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஒரு சிறு போர் நடந்தது. போரிற் கலந்துகொண்டோர் இருவர். ஒருவன் என் தங்கையின் மகன். உயர்தர வகுப்பிற் கணிதம் படிப்பவன். மற்றவள் அவனுடைய தங்கை. எட்டாம் வகுப்பு மாணவி. போர்க்களம் தொலைக்காட்சிப் பெட்டி; படைக்கலம் ஆளுக்கொரு கொன்ரோலர். திரையிலே இரண்டு வீரர் எதிரெதிரே நின்று குத்தியும் உதைத்தும் பொருதினர். நான் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கணக்குப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஆறு ஆட்டங்கள் முடிந்தன. ஆறிலும் தமையனே வென்றான். ஆறாவது ஆட்டம் முடிந்ததும் அப்பிள்ளை கொன்ரோலரை மேசையில் மெல்ல வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாது எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டாள்.

"பார்த்தீர்களா மாமா? பழகுவதற்கு இவளுக்குப் பொறுமை இல்லை" என்றான் மருமகன்.

"பழகுவதற்கு நீ எங்கே விட்டாய்? அடித்தாய்; அவ்வளவுதானே" என்றேன்.

அவன் சிரித்தான். சிறிது நேரம் கழித்து, "நீங்கள் சொல்வதும் சரிதான் மாமா. இந்தத் தவற்றையே ஒரு பெரிய ஜப்பானியக் கம்பனியும் செய்திருக்கிறது" என்று தொடங்கி, ஒரு கதை சொன்னான். அக்கதை என்னைப் பிடித்துக்கொண்டது. இக்கிழமை முழுவதும் அதனைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

பெற்றோர் சிலர், "பிள்ளைகளின் அடிபிடி விளையாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்தியா?" என்று முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வித்தைக்குள்ளே புதியவன் எவ்வாறு நுழைகிறான், எவ்விடத்தில் மனமுடைந்து திரும்பிப் போகிறான் என்பது விளையாட்டுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. வயலின் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பி மூன்றாம் மாதத்தில் நிறுத்திய வீடுகள் நம்மிடையே எத்தனை!

கதை 1991ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானின் ஒசாகா நகரிலுள்ள கப்கொம் என்னுங் கம்பனி அவ்வாண்டிலே 'ஸ்ரீற் பைற்றர் 2' என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்தில் இத்தகைய விளையாட்டுக்கள் வீட்டுக்கு வருமுன் கடைத்தெருவுக்கே வரும். ஆளுயரப் பெட்டியொன்று நிற்கும். காசு போட்டால் விளையாடலாம். காசு போட்டவன் எட்டு வீரருள் ஒருவனைத் தெரிந்தெடுத்து, இயந்திரம் ஆட்டுவிக்கும் மற்றை ஏழு பேரையும், அவர்களுக்குப் பின்வரும் நான்கு தலைவர்களையும் ஒருவர்பின் ஒருவராக எதிர்க்கவேண்டும். இடையில் யாராவது பக்கத்தில் வந்து நின்று காசு போட்டால், இயந்திரத்துடன் நடந்த சண்டை நின்று, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே சண்டை தொடங்கும். ஜப்பானில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகு சேர்த்து வைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. அங்கே எதிரியின் முகமே தெரியாது. தோற்றபின் எட்டிப் பார்த்தாற்றான் வென்றவர் யாரென்று தெரியும்.

அந்தக் கடை ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. புதியவன் முதலிலே பிறர் தோளின் மேலாக எட்டிப் பார்த்தான். பிறகு, கூட்டமில்லாத வேளையில் வந்து இயந்திரத்தோடு மோதினான். முதல் எதிரி எளியவன். அடுத்தவன் சற்று வலியவன். இவ்வாறு படிப்படியாக ஏறினான். கை ஓரளவு பழகியபின்பே பக்கத்தில் நிற்பவனுடன் பொருதினான். பின்னாளிலே வீட்டுக்கு வந்த விளையாட்டுக்களில், இயந்திரத்தோடு வரிசையாக மோதும் அப்பகுதி 'ஆர்கேட்' என்ற பெயரால் நிலைத்தது. சண்டை விளையாட்டு என்றால் அது இருந்தே தீரும் என்று எல்லாரும் எண்ணினர்; வீடு என்றால் வாசற்படி இருக்கும் என்று எண்ணுவதைப் போல.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி 'ஸ்ரீற் பைற்றர் 5' வெளிவந்தது. அதற்கு முந்திய நான்காம் விளையாட்டு 2008இல் ஜப்பானியக் கடைகளுக்கு வந்து, அடுத்த ஆண்டே வீடுகளுக்கு வந்தது. ஐந்தாவதோ கடைக்குச் செல்லாமல் நேரே வீட்டுக்கு வந்தது. பிளேஸ்ரேஷன் 4 என்னுங் கருவியிலும் கணினியிலும் விளையாடலாம். விலை அமெரிக்காவில் 60 டொலர். வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பதினாறு வீரர்கள் இருந்தனர். சித்திரம் அழகாக இருந்தது. தேர்ந்தோர் பாராட்டிய நுட்பமான சண்டை முறை இருந்தது. ஆனால் ஆர்கேட் இல்லை. இயந்திரத்தை எதிரியாக வைத்து ஓர் ஆட்டம் ஆடிப்பார்க்கும் எளிய வசதிதானும் இல்லை. பெரிய கதைப்பகுதி பின்னர் வரும் என்றார்கள். அடிகளைத் தொடர்ச்சியாகக் கோத்துப் பழகும் பயிற்சிப் பகுதி அடுத்த மாதம் வரும் என்றார்கள்.

புதியவன் தனியே இருந்து விளையாட என்னதான் இருந்தது? மூன்று இருந்தன. நடக்கவும் குதிக்கவும் அடிக்கவும் சொல்லித்தரும் ஒரு சிறு பாடம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குறுங்கதை; அதில் இரண்டு மூன்று சண்டைகள், ஒவ்வொன்றும் ஒரே சுற்று. எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனைப் போல அத்தனை எளியவன். மூன்றாவது, தாக்குப்பிடிக்கும் பகுதி. எளிய நிலையிற் பத்து எதிரிகள். அடுத்த நிலையில் முப்பது. அதற்கு மேல் ஐம்பது. கடைசி நிலையில் நூறு. இடையில் எங்கே தோற்றாலும் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். முன்வருவோர் பொம்மைகள், பின்வருவோர் புலிகள். இருபத்தொன்பது பேரை வென்று முப்பதாமவனிடம் விழுந்தவனின் மனநிலையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஒன்றிற் கற்பதற்கு எதுவுமில்லை. மற்றொன்றிற் கற்பதற்கு அவகாசமில்லை.

ஆகவே 60 டொலர் கொடுத்தவனுக்கு எஞ்சியது இணையவழிச் சண்டை ஒன்றே. அதுவும் முதல் நாட்களிற் சேர்வர்கள் தடுமாறியதால் ஒழுங்காக நடைபெறவில்லை. நடந்தபோதும், தோற்கும் நிலையில் இருந்தவன் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஓடினால் அவனுக்குத் தண்டனையில்லை, வென்றவனுக்குப் புள்ளியுமில்லை. கூத்துக் கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டு ஓடுகிறவனைப் போன்றவர்கள் இவர்கள். இவர்களை அடக்கவும் மாதங்கள் சென்றன.

இத்தனை அவசரம் எதற்கு? பெரும்போட்டிகளின் பருவம் தொடங்குமுன் புதிய விளையாட்டு வீரர்களின் கையில் இருக்கவேண்டும் என்பது ஒரு காரணம். ஜப்பானியக் கம்பனிகள் பலவற்றின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகின்றது என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்த மார்ச் முடிவுக்குள் 20 இலட்சம் பிரதிகள் போகும் என்று கப்கொம் எதிர்பார்த்தது. போனவை 14 இலட்சம். விளையாட்டின் தயாரிப்பாளரான யொஷினோரி ஓனோ, தனியே விளையாடும் பகுதிகளின் மேல் மக்களுக்கிருந்த விருப்பத்தைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

நியாயமாகப் பேசவேண்டுமானால், குறைந்த ஆறு இலட்சத்தையும் இக்குறையின் தலையிலேயே சுமத்த முடியாது. மைக்ரோசொவ்ற்றின் எக்ஸ்பொக்ஸ் கருவிக்கு இவ்விளையாட்டு வரவேயில்லை. சேர்வர்களின் தடுமாற்றமும் பெயரைக் கெடுத்தது. எத்தனை பேர் எக்காரணத்தால் வாங்காது போயினர் என்று எவரும் பிரித்துக் காட்ட முடியாது. ஆயினும், இக்குறை எல்லாரையும் ஒரேயளவில் வருத்தவில்லை என்பது மட்டும் தெளிவு. நான் சொல்லவந்த செய்தியும் அதுவே.

தேர்ந்த விளையாட்டாளனுக்கு என்ன வேண்டும்? தன்னையொத்த இன்னொரு தேர்ந்தவன் வேண்டும். பதினாறு வீரரும், ஒரு பயிற்சிக் களமும், ஓர் எதிரியும் கிடைத்தால் அவனுக்கு விளையாட்டு முழுமையே. கதைப்பகுதி இல்லாததை அவன் கவனிப்பதுமில்லை. 2016 ஜூலை மாதம் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த எவோ என்னும் பெரும்போட்டியில், இவ்வொரு விளையாட்டுக்கு மட்டும் 5,000 பேருக்கு மேற் பெயர் கொடுத்தனர். அதன் இறுதியாட்டங்கள் அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். 2 தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பாயின. இன்பில்ற்றேஷன் என்ற பட்டப்பெயர் கொண்ட கொரிய வீரர் வென்றார். அம்மண்டபத்தின் நடுவில் நின்று பார்த்த ஒருவனிடம், "இவ்விளையாட்டுப் புதியோரை விரட்டுகிறது" என்று சொல்லியிருந்தால், அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பான்.

குறை கண்ணுக்குத் தெரியாமற் போவதற்கு இதுவே காரணம். வந்தவர்களை எண்ணலாம், திரும்பிப் போனவர்களை யார் எண்ணுவது? தொலைக்காட்சியில் அவ்விறுதியாட்டத்தைக் கண்டு உள்ளம் பொங்கிய ஒரு சிறுவன் மறுநாளே அதனை வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கதைப்பகுதி அப்போதுதான், ஜூலைத் தொடக்கத்திலே, வந்து சேர்ந்திருந்தது. அதை ஒரு மாலையில் முடித்துவிடுவான். பிறகு, தான் கண்ட அந்த அடியை இயந்திரத்தின் மேல் ஒருமுறை அடித்துப் பார்க்க விரும்புவான். விரும்பிய எதிரியைத் தெரிந்து இயந்திரத்தோடு ஓர் ஆட்டம் ஆடும் வசதி அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் வந்தது. ஆர்கேட் வந்ததோ 2018 ஜனவரி 16இல். விளையாட்டு வெளிவந்து இரண்டாண்டுகள் நிறைவதற்குச் சிறிது முன்னர்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு. மருமகன் கணித மாணவனல்லவா? அவனோடு இருந்து போட்டுப் பார்த்தேன். நூறு புதியவர் ஒரே நாளில் இணையவழிச் சண்டைக்கு வந்தனர் என்க. ஓர் ஆட்டத்தில் ஒருவர் வென்றால் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். இஃது இயற்கை விதி. எந்தக் கம்பனியாலும் மாற்ற முடியாது. முதல் நாள் மாலையில் தோல்வியையே மிகுதியாகக் கண்ட இருபது பேர், நம் வீட்டுப் பிள்ளையைப் போலக் கொன்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். எஞ்சியோர் எண்பது. நேற்று நடுவிலிருந்தவன் இன்று கடைசிக்கு நெருங்கிவிட்டான். அவனது திறமை குறையவில்லை. அவனுக்குக் கீழிருந்தோர் போய்விட்டனர். இன்று அவன் நேற்றையிலும் மிகுதியாகத் தோற்பான். அவனும் போவான். ஒரு மாதம் கழித்துப் புதிதாக வருபவனுக்கு, அவனையொத்த புதியவன் எதிரியாகக் கிடைப்பதரிது. கிடைப்பவன் ஒரு மாதம் பழகியவன். ஆறு மாதம் கழித்து வருபவனுக்கு ஆறு மாதம் பழகியவன். குளத்தின் கரையிலிருந்து சரிவாக இறங்கிச் செல்லவேண்டிய படிகளைக் கழற்றிவிட்டு, நடுக் குளத்திலே குதி என்பதற்கு ஒப்பானது இது.

இப்போது இயந்திர எதிரியின் பெருமையைக் கவனியுங்கள். இயந்திரம் தோற்பதற்குச் சலிப்பதில்லை. நூறு புதியவரும் அதே மாலையில் நூறு இயந்திர எதிரிகளை வென்றால், நூறு பேரும் வென்றவரே. தோற்ற மனிதர் ஒருவருமில்லை. அத்தனை தோல்விகளையும் அது வாங்கிக்கொள்கிறது. எவரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தனியே விளையாடும் பகுதியைச் சிலர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது தோல்விகளைக் கொட்டுவதற்கென்று வெட்டிவைத்த கிடங்கு. அக்கிடங்கை மூடிவிட்டால், அத்தனை தோல்விகளும் மனிதர் தலையிலேதான் விழவேண்டும். அவருள்ளும் அதிகம் விழுவது மெலியவர் தலையிலே.

சிலம்பம் பழக்கும் ஆசான், புதிதாக வந்தவன் கையிற் கம்பைக் கொடுத்த அன்றே அவனைத் தேர்ந்த மாணாக்கனின் முன்னே நிறுத்துவதில்லை. முதலிற் காலை வைக்கப் பழக்குவார். பிறகு வெறும் வெளியிற் கம்பைச் சுழற்றச் சொல்வார். அப்போது புதியவனுக்கு எதிரி யார்? காற்றே எதிரி.

சரி, முழுமையடையாமல் வெளிவந்த சண்டை விளையாட்டெல்லாம் புதியோரை விரட்டியனவா என்றால், இல்லை. மருமகனே மறுப்பாக ஓர் உதாரணம் எடுத்துக் காட்டினான். 2013 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் வன் கருவியோடு கூடவே 'கில்லர் இன்ஸ்ரிங்ற்' என்ற சண்டை விளையாட்டு வந்தது. ஸ்ரீற் பைற்றருக்கு வாய்த்தவர் பதினாறு பேர். இதற்கு ஆறே ஆறு பேர்! இன்னும் இருவர் அடுத்த ஆண்டிலே வருவர் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள். ஆனால் ஒரு வீரனை வைத்துக்கொண்டு காசில்லாமலே விளையாடிப் பார்க்கலாம். பிடித்தால் ஒவ்வொருவனாகவும் வாங்கலாம். எட்டுப் பேரையும் சேர்த்து 20 டொலருக்கும் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிக்கூடம் என்ற ஒரு பகுதியை முதல் நாளே வைத்திருந்தார்கள். இந்நாள்வரை இத்தகைய விளையாட்டுக்களில் வந்த நல்ல பாடங்களுள் அதுவும் ஒன்று என்று அறிந்தோர் சொல்கின்றனர். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையிலுள்ள நொடியின் பின்னங்களைக்கூட அது விளக்கிச் சொன்னது. அவ்விளையாட்டுப் பருவம் பருவமாக வளர்ந்து பல ஆண்டுகள் நிலைத்தது.

இரண்டும் அரைகுறை என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. கில்லர் இன்ஸ்ரிங்றிற் குறைந்தது அறைகளின் எண்ணிக்கை, வாசற்படி இருந்தது. ஸ்ரீற் பைற்றர் 5இல் அறைகள் இருந்தன, வாசற்படி இல்லை. முன்னது, "இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம், விலையும் அதற்கேற்றதே" என்று வாயிலிலேயே எழுதி வைத்தது. பின்னது முழு வீட்டின் விலையை வாங்கிக்கொண்டு, கூரையின் மறுபாதி மாரிக்குமுன் வரும் என்றது. ஆறு வீரரைக் கண்டு குறைப்படுகிறவன் தேர்ந்தவன். ஒரு வீரனைக்கூடச் சரியாக ஆட்டத் தெரியாத புதியவனுக்கு ஆறும் ஒன்றே, அறுபதும் ஒன்றே. எனவே குறையொன்று இருக்கத்தான் வேண்டுமென்றால், அதைத் தாங்கக்கூடிய தேர்ந்தவன் பக்கத்தில் வைக்கவேண்டும். கப்கொம் மறுபக்கத்தில் வைத்தது.

அக்காலத்திலேயே மற்றொரு கம்பனி எதிர்வழியிற் சென்றுகொண்டிருந்தது. அமெரிக்காவின் 'மோட்டல் கொம்பற்' விளையாட்டுக்கள் 2011 முதல் பெரிய கதைப்பகுதியை முன்னிறுத்தின. இரத்தப் பெருக்கும் எலும்பு முறிவும் மிகுந்த அவ்விளையாட்டைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஆயினும் 2019இல் வந்த அதன் பதினோராம் பதிப்பு 2022க்குள் 150 இலட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவருட் பலர் ஒருநாளும் போட்டிக்குச் செல்லாதவர். கதை பார்க்க வந்தவர். அவ்வாறு வந்தவருள் எத்தனையோ பேர் பின்பு நின்று பழகியிருப்பர்.

கப்கொம் தன் வீட்டை மெல்ல மெல்ல வேய்ந்து முடித்தது என்பதையும் சொல்லவேண்டும். முதலாண்டில் ஆறு புது வீரர் சேர்ந்தனர். 2018இல் ஆர்கேட் வந்தபோது, முன்னர் வாங்கியோருக்கு அப்பகுதி இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அதே வேளையில், அதுவரை சேர்ந்த பன்னிரண்டு வீரரையும் உள்ளடக்கிய புதிய பெட்டி 40 டொலருக்குக் கடைக்கு வந்தது. முதல் நாள் 60 டொலர் கொடுத்தவன் கற்றுக்கொண்ட பாடம் என்ன? "அடுத்தமுறை பொறுத்திரு" என்பதே. நம்பி முன்வந்தவனைப் பொறுத்திருக்கப் பழக்குவதும் ஒரு நட்டந்தான்; கணக்குப் புத்தகத்தில் அது தெரியாது. 2020இல் நாற்பது வீரரோடு முழுமையான பதிப்பொன்றும் வந்தது. பல ஆண்டுகள் சென்றபின் மொத்த விற்பனை 70 இலட்சத்தையும் தாண்டியது. ஆகவே அரைகுறையான வெளியீடு அவ்விளையாட்டைக் கொன்றுவிட்டது என்று சொல்வது பொய். ஆனால் 2016இல் எழுந்து போன சிறுவன் 2020இல் வந்தானா? அந்நான்காண்டில் அவன் வேறு விளையாட்டுக்குப் போயிருப்பான். அல்லது பரீட்சைக்குப் போயிருப்பான். இளமையில் நான்காண்டு ஒரு யுகம்.

2023 ஜூன் 2ஆந் திகதி 'ஸ்ரீற் பைற்றர் 6' வந்தது. பழைய தவறு எங்கே தைத்ததோ அங்கேயே மருந்து வைத்திருந்தார்கள். ஆர்கேட் முதல் நாளே இருந்தது. ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி விளக்கம் இருந்தது. மூன்று நான்கு அசைவுகளை ஒருசேரச் செய்தாற்றான் வரும் அடியை ஒரே பொத்தானில் வரவழைக்கும் எளிய முறையும் இருந்தது. (தேர்ந்தவர் சிலர் இதனைக் குறுக்குவழி என்று முணுமுணுத்தனர். எழுதப் பழகும் பிள்ளைக்குக் கோடிட்ட தாள் கொடுப்பதைக் குறுக்குவழி என்பாரோ?) இவற்றினும் பெரியது, உலகப் பயணம் என்னும் பகுதி. அதிலே விளையாடுகிறவன் தன்னுருவில் ஒருவனை ஆக்கிக்கொண்டு, ஒன்றும் அறியாத மாணாக்கனாக ஒரு நகரத்தெருவில் இறங்குகிறான். வழியிற் போவோருடன் சிறு சண்டைகள். பிறகு ஒவ்வொரு பழைய வீரரையும் குருவாக அடைந்து அவரிடம் ஒவ்வோர் அடியாகக் கற்றல். இவ்வாறு பல மணி நேரம் செல்லும். அத்தனை மணி நேரத்தையும் புதியவனுக்காகவே செலவிட்டிருக்கிறார்கள்.

விளைவு? சில நாட்களிலே 10 இலட்சம். ஜூலைத் தொடக்கத்தில் 20 இலட்சம். ஐந்தாவதற்கு எதிர்பார்த்து எட்டாத எண்ணை ஆறாவது ஏறக்குறைய அதேயளவு காலத்தில் எட்டிற்று. இம்முறை எக்ஸ்பொக்ஸிலும் வந்தது என்பதைக் கழித்துப் பார்க்கவேண்டுமாயினும், வேறுபாடு சிறிதன்று. அவ்வாண்டு எவோப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோர் 7,000க்கு மேல். புதியவனுக்கு வாசற்படி கட்டியதாற் பழையவனின் அரங்கம் சிறுக்கவில்லை, பெருத்தது.

ஓர் ஐயம் இன்னும் என்னை விடவில்லை. இப்போதெல்லாம் எந்த விளையாட்டும் வெளிவரும் அன்றே முடிந்துபோவதில்லை. இணையவழியாகச் சேர்க்கைகள் வந்துகொண்டேயிருக்கும். ஆறாவது விளையாட்டுக்கும் ஆண்டுதோறும் புது வீரர் வருகின்றனர். இத்தகைய காலத்தில் 'முழுமை' என்ற சொல்லுக்குப் பொருள்தான் என்ன? மருமகன் இதற்குச் சொன்ன விடை எனக்குப் பிடித்திருந்தது. "எனக்கு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாமா. அவளுக்கு முதல் நாள் வேண்டியது முதல் நாளே இருந்தாற் போதும்" என்றான். 'அவள்' என்று அவன் சொன்னபோது அவன் கண் குசினிப் பக்கம் போயிற்று.

புதன்கிழமை மாலை நான் வீடு திரும்பியபோது தொலைக்காட்சியின் முன் அப்பிள்ளை தனியே இருந்தாள். தமையன் வகுப்புக்குப் போயிருந்தான். திரையில், தொப்பியணிந்த ஒரு சிறு பெண்ணுருவம் தெருவோரத்தில் நின்ற ஒருவனோடு பொருதுகொண்டிருந்தது. அந்த உருவத்துக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறாள். என்னைக் கண்டதும், "மாமா, அண்ணாவிடம் சொல்லாதையுங்கோ" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்பத்தியை அவன் படிக்கும்வரையில் அவ்வாக்கைக் காப்பாற்றியவனாகவே இருப்பேன்.